வரிசையில் நிற்க வேண்டியவர்கள் ஏழைகள் அல்லர்



ரமலானின் கடைசிப் பத்து நாட்களில் சென்னையின் செல்வந்தர் தெருக்களில் ஆண்டுதோறும் ஒரு காட்சியைக் காண்கிறோம். இரும்புக் கதவுக்கு வெளியே பெண்கள் நீண்ட வரிசையில் நிற்கிறார்கள். இடுப்பில் குழந்தை, கையில் குடும்ப அட்டையின் நகல், வெயிலில் வறண்ட நோன்பு நாவு. கதவுக்கு உள்ளே மேசைமேல் புதிய நோட்டுக் கட்டுகள். ஆளுக்கு 200 அல்லது 500 ரூபாய் கொடுத்து அனுப்புகிறார் காவலாளி. வீட்டுக்காரரோ தம் ஜகாத் நிறைவேறிவிட்டது என்னும் மனநிறைவோடு உறங்கச் செல்கிறார்.

ஃபிக்ஹுச் சட்டத்தின்படி அவருடைய கடமை நீங்கியிருக்கலாம். ஆனால் இறைவன் எதற்காக ஜகாத்தைக் கடமையாக்கினானோ, அந்த நோக்கம் அந்தக் கதவைத் தாண்டவில்லை என்பதே நம் குற்றச்சாட்டு.

இந்த வரிசை உயிரையும் குடிக்கும். 2020ஆம் ஆண்டு மே மாதம், நோன்புப் பெருநாளுக்குச் சில நாட்களே இருந்த வேளையில், கொழும்பு மாளிகாவத்தையில் தனியார் ஒருவர் பணம் வழங்கிய இடத்தில் நெரிசலில் சிக்கி மூன்று பெண்கள் மாண்டனர். 2023 ரமலானில் ஏமன் தலைநகர் ஸன்ஆவில் வணிகர்கள் பணம் வழங்கிய பள்ளிக்கூடத்தில் 75க்கும் மேற்பட்டோர் மிதிபட்டு இறந்தனர். கொடுத்தவர்கள் கெட்ட எண்ணம் கொண்டவர்கள் அல்லர். கொடுத்த முறைதான் கொன்றது.

ஏழை எங்கே இருக்கிறார் என்று தெரியாததால்தான் அவரை வரவழைக்கிறோம் என்கிறார்கள் சிலர். இந்த வாதத்தைச் சோதிக்கவே, கடந்த ஷஅபான் மாதத்தில், நாமும் உடன் பணிபுரியும் உஸ்தாதுமார் இருவரும் நகரின் ஒரு பகுதியை நடந்தே கடந்தோம். நுங்கம்பாக்கத்தில் அஸ்ர் தொழுது புறப்பட்டோம். முதலில் காதர் நவாஸ் கான் சாலை. ஒரு முஸ்லிமின் பெயரைத் தாங்கிய அச்சாலையில் இன்று கண்ணாடிச் சுவர் எழுப்பிய ஆடையகங்களும் நகைக்கடைகளும் உணவகங்களும் நிறைந்துள்ளன. அங்கே இருவர் அருந்தும் காபியின் விலையில் ஓர் எளிய குடும்பத்தின் இரவு உணவு முடிந்துவிடும். கல்லூரிச் சாலை வழியாகக் கூவத்தைக் கடந்து, எழும்பூர் அருங்காட்சியகத்தைத் தாண்டி, மஃரிபுக்குப் பெரியமேடு சேர்ந்தோம். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடித் தோல் வணிகத்தோடு நெடுங்காலத் தொடர்புடைய பகுதி அது. அங்கிருந்து சூளை வழியாகப் புளியந்தோப்பு. இஷாவின் பாங்கு ஒலித்தபோது நாம் ஆட்டுத்தொட்டிக்கு அருகில் நின்றுகொண்டிருந்தோம்.

மொத்தத் தொலைவு ஆறேழு கிலோமீட்டர். அதற்குள் உலகம் மாறிவிடுகிறது. ஒரே அறையில் மூன்று தலைமுறை வாழ்கிறது. மழை பெய்தால் முழங்கால் அளவு நீர் தேங்கும் தெருக்களில், குடங்களை வரிசையாக வைத்துவிட்டுத் தண்ணீர் லாரிக்காகக் காத்திருக்கிறார்கள். நாள் வாடகைக்கு எடுத்த மீன்பாடி வண்டியை மிதித்துக் களைத்தவர் அந்த வண்டியிலேயே படுத்திருக்கிறார். நாம் பேசியவர்களில் பலர் எவருடைய கதவு வரிசையிலும் நின்றதே இல்லை. "போய் நிற்க வெட்கமா இருக்கு ஹஸ்ரத்" என்றார், இரவில் தையல் வேலை செய்யும் ஒரு தாய்.

திருக்குர்ஆனின் 2ஆம் அத்தியாயம் 273ஆம் வசனம் இத்தகையோரைப் பற்றியே பேசுகிறது. அவர்கள் தன்மானத்தால் கைநீட்டுவதில்லை. அறியாதவர் அவர்களை வசதி படைத்தவர் என்றே எண்ணுவார். முகக்குறியால்தான் அவர்களை அறிய இயலும் என்பது அதன் கருத்து. முகத்தைப் பார்க்க வேண்டுமானால் அவர் இருக்கும் இடத்துக்கு நாம் போகவேண்டும். வரிசை முறையில் நம்மிடம் வந்து சேர்பவர் வரத் துணிந்தவரே. வசனம் புகழும் அந்த ஏழையோ வீட்டிலேயே இருந்துவிடுகிறார்.

9ஆம் அத்தியாயம் 60ஆம் வசனம் ஜகாத் பெறத்தக்க எட்டு வகையினரை வரிசைப்படுத்துகிறது. ஏழை, வறியவர் ஆகியோரை அடுத்து மூன்றாவதாக இடம்பெறுவோர் அப்பணிக்காக உழைப்பவர்கள். ஜகாத்தைத் திரட்டவும் பகிரவும் அலைந்து திரியும் ஆட்கள் வேண்டும், அவர்களுக்கு ஊதியமும் வேண்டும் என்று இறைவேதமே ஏற்பாடு செய்திருக்கிறது. நம் கதவுகளிலோ அலைவது ஏழையின் பணியாகிவிட்டது.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் மதீனாவுக்கு வெளியே இரவில் நடந்தபோது, பசித்த குழந்தைகளை ஆற்றுவதற்காக ஒரு தாய் வெறும் தண்ணீரை அடுப்பிலேற்றி வைத்திருந்ததைக் கண்ட வரலாற்றை நம் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் கற்பிக்கிறோம். மாவு மூட்டையைத் தாமே முதுகில் சுமந்து சென்றார்கள். பணியாளர் அஸ்லம் சுமக்க முன்வந்தும், மறுமையில் தம் சுமையை அவர் சுமக்க இயலாது என்று மறுத்துவிட்டார்கள். ஆட்சித் தலைவரே நடந்தார். நாம் கார் கண்ணாடியையும் இறக்குவதில்லை.

எவ்வளவு கொடுப்பது என்பதிலும் நாம் தவறான வழியில் போகிறோம். ஜகாத் கடமையாகும் செல்வம் ஒருவரிடம் ஒரு கோடி ரூபாய் இருந்தால், நாற்பதில் ஒரு பங்கு 2,50,000 ரூபாய். அதை 500 பேருக்கு ஐந்நூறாகச் சிதறடித்தால், அடுத்த ரமலானிலும் அதே 500 பேர் வருவார்கள். ஐந்து குடும்பங்களுக்கு 50,000 வீதம் கொடுத்தால், வாடகை வண்டிக்காரர் சொந்த வண்டி வாங்குவார். தையற்கூலிக்குப் போகும் பெண் சொந்த இயந்திரம் வாங்குவார். தண்டல் கடனில் சிக்கியவர் மீள்வார். கடனாளியும் அந்த எட்டு வகையினரில் ஒருவரே. தொழில் தெரிந்தவருக்கு அத்தொழிலின் கருவியை வாங்கும் அளவுக்குக் கொடுக்கலாம் என்று ஷாஃபிஈ மத்ஹபின் இமாம் நவவி (ரஹ்) அவர்கள் அல்மஜ்மூஉ நூலில் விளக்கியுள்ளார்கள். ஹனஃபி மத்ஹபில் ஒருவருக்கே நிஸாப் அளவு கொடுப்பது மக்ரூஹ் எனினும், கடனாளிக்கும் பெரிய குடும்பத்தைக் காப்பவருக்கும் விலக்கு உண்டு. ஆகவே மத்ஹபின் பெயரால் சில்லறைக்கு நியாயம் தேட வழியில்லை.

"ஏமாற்றுக்காரர்கள் இருக்கிறார்களே" என்பார்கள். உண்மை. அவர்களுக்கு வசதியானது கதவு வரிசைதான். வீட்டுக்கு நேரில் வருபவரை ஏமாற்றுவது கடினம். "எங்கள் ஜகாத்தைச் சொந்த ஊருக்கு அனுப்புகிறோம்" என்பார்கள். ஊரிலுள்ள ஏழை உறவினரை மறக்கச் சொல்லவில்லை. ஆனால் செல்வம் இருக்கும் ஊரின் ஏழைகளுக்கே முதல் உரிமை என்பது ஃபிக்ஹு நூல்களில் தெளிவாக உள்ளது. கடை சென்னையில், வாடிக்கையாளர் சென்னையில், மூட்டை தூக்குபவரும் சென்னையில். ஜகாத் மட்டும் இரவு ரயிலேறிவிடுவது முறையா? "எங்கள் மஹல்லாவில் ஏழைகளே இல்லை" என்பார்கள். மஹல்லாவின் எல்லை சந்தாவுக்காக நாம் வகுத்தது; மறுமையின் கேள்விக்கு அது வேலியாகாது.

மேலும் இந்நகரம் ஏழைகளைக் கண்ணுக்கெட்டாத தூரத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு கூவக் கரைகளில் வாழ்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டன. எழும்பூரிலிருந்து அது இருபது கிலோமீட்டருக்கும் அப்பால். வேலை இங்கே, வீடு அங்கே. அப்படிப் பெயர்க்கப்பட்ட முஸ்லிம் குடும்பத்தின் பெயரைப் பழைய ஜமாஅத் ஏட்டில் அடித்துவிட்டோமே, புதிய ஏட்டில் எழுதினோமா? அங்கே வாழும் முஸ்லிமல்லாத அண்டை வீட்டாரும் நம் பொறுப்பிலிருந்து விலக்கப்பட்டவர் அல்லர். ஜகாத்தின் சட்டம் வேறு, ஸதகாவுக்கு மத வேலி இல்லை.

ஆகவே முதவல்லிகளிடமும் குடும்பத் தலைவர்களிடமும் நாம் வேண்டுவது இதுதான். கதவு வரிசையை இந்த ஆண்டோடு நிறுத்துங்கள். வசதியுள்ள ஒவ்வொரு ஜமாஅத்தும் நகரின் ஓர் எளிய மஹல்லாவோடு கைகோக்கட்டும். ரஜப், ஷஅபான் மாதங்களிலேயே இளைஞர்களும் பெண்களும் வீடு வீடாகச் சென்று தேவையைக் கேட்டு எழுதட்டும். பைத்துல்மால் வழியே, ஒரு குடும்பம் மீண்டும் கேட்க வேண்டாத அளவுக்குக் கொடுக்கட்டும். உங்கள் பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். மக்தபில் நாம் ஓராண்டு நடத்தும் பாடத்தை அவர்கள் ஒரே மாலையில் கற்பார்கள்.

வல்ல இறைவன் நம் செல்வத்தையும் நம் கால்களையும் தன் பாதையில் ஏற்றுக்கொள்வானாக! ஆமீன்.