சட்டம் செத்தது, சந்தேகம் சாகவில்லை!



பாசிமணி விற்கும் நரிக்குறவர் பெண் ஒருவர் உங்கள் கடைக்கு அரிசி வாங்க வருகிறார். உங்கள் கண் முதலில் எங்கே போகிறது? அவர் முகத்துக்கா, கைக்கா? கடைப் பையனிடம் "பார்த்துக்கோ" என்று சாடை காட்டுகிறீர்களே, அவர் உங்களிடம் எதைத் திருடினார்?

இந்தப் பார்வையைச் சட்டமாக்கித் தந்தவன் வெள்ளையன்! 1871-ல் குற்றப் பரம்பரைச் சட்டம் போட்டான். 1911-ல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. கள்ளர், குறவர் என்று ஊர் ஊராகப் பட்டியல் போட்டார்கள். பிறந்ததே குற்றம்! கைரேகை வைக்க வேண்டும். இரவில் காவல் நிலையத்தில் போய்ப் படுக்க வேண்டும். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் அதை எதிர்த்து நின்ற பிரமலைக் கள்ளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

1952-ல் நாடு முழுவதும் அந்தச் சட்டம் ஒழிந்தது. ஆனால் அதன் வாடை போயிற்றா? சிறை விதிகளில் இருந்த சாதிப் பாகுபாட்டையும், இந்த மக்களை வழக்கமான குற்றவாளிகளாகப் பார்க்கும் போக்கையும் உச்ச நீதிமன்றம் கண்டித்துத் தீர்ப்பளித்தது எப்போது? 2024 அக்டோபர் 3-ல்! 72 ஆண்டுகள் கழித்து!

பட்டியலில் யார் இருந்தார், யார் இல்லை என்று ஊர் பார்ப்பதில்லை. ஊர் சுற்றிப் பிழைப்பவர் என்றால் போதும், சந்தேகம்தான். 2023 ஜனவரியில் நரிக்குறவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டம் வந்தது. அதே ஆண்டு மார்ச்சில், கையில் டிக்கெட் இருந்தும் அவர்களைச் சென்னைத் திரையரங்கு ஒன்றின் வாசலில் தடுத்தார்கள். பட்டியல் மாறியது, பார்வை மாறவில்லை!

சகோதரர்களே! பெயரைக் கேட்டதும் வாடகைக்கு வீடில்லை என்று கதவைச் சாத்தினால் குமுறுகிறோம். தாடியையும் தொப்பியையும் பார்த்துப் பையைச் சோதித்தால் கொதிக்கிறோம். நியாயமான கொதிப்பு! ஆனால் நம்மீது விழுந்தால் அநீதி, நம் கண்ணிலிருந்து கிளம்பினால் முன்ஜாக்கிரதையா?

"சிலர் திருடத்தானே செய்கிறார்கள், பாய்!" என்பீர்கள். உங்களிடம் கடனுக்குச் சரக்கெடுத்து ஏமாற்றியவர்கள் எல்லோரும் வெள்ளைச் சட்டைக்காரர்கள்தானே? அதற்காக வெள்ளைச் சட்டை போட்டவரையெல்லாம் விரட்டினீர்களா? நம்மில் ஒருவன் செய்த தவறுக்குச் சமுதாயமே பதில் சொல்ல வேண்டும் என்றால் ஒப்புக்கொள்வோமா? ஊகத்தை விட்டு விலகச் சொல்கிறது ஹுஜுராத் அத்தியாயம். அது கல்லாப்பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கும் சேர்த்துத்தான்!

வியாபாரிகளே! "வாங்கம்மா" என்று சொல்லுங்கள். அதே எடை, அதே விலை, அதே மரியாதை கொடுங்கள். இளைஞர்களே! சாதிச் சான்றிதழுக்காக அலையும் பெற்றோருக்கு மனு எழுதிக் கொடுங்கள்; தாலுகா அலுவலகம் வரை கூடவே போங்கள்.

நமக்கு நீதி கேட்டு வீதிக்கு வருமுன், நம் கடை வாசலில் நிற்பவருக்கு அதைக் கொடுத்தோமா? சிந்திப்பீர்!