ஈஸ்ட்டின் பசியும் தேர்வுக்குழுவின் கேள்வியும்

முனைவர் பட்ட நேர்முகத் தேர்வில் ஈஸ்ட் பற்றிய ஆய்வுத் திட்டத்துடன் வந்து அமரும் மாணவர் ஏறத்தாழத் தவறாமல் எதிர்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு: "இதனால் எந்த நோய் குணமாகும்?" கேள்வி தவறானதன்று. பொதுப்பணத்தில் நடக்கும் ஆய்வு பதில் சொல்லக் கடமைப்பட்டதே. ஆய்வு தொடங்கும் முன்பே விடையை எதிர்பார்ப்பதுதான் சிக்கல். அதற்காகவே திட்ட அறிக்கையின் கடைசிப் பத்தியில் புற்றுநோயும் நீரிழிவும் வலிந்து நுழைக்கப்படுகின்றன. அதை எழுதுபவரும் நம்புவதில்லை, படிப்பவரும் நம்புவதில்லை.

டோர் புரதத்தின் வரலாறு இங்கே கருதத்தக்கது. 1964இல் ஈஸ்டர் தீவுக்குப் புறப்பட்ட கனடிய மருத்துவப் பயணக்குழு கொண்டுவந்த மண்ணில் வாழ்ந்த ஒரு ஸ்ட்ரெப்டோமைசிஸ் பாக்டீரியத்திலிருந்து, மாண்ட்ரியலில் ராபமைசின் பிரித்தெடுக்கப்பட்டது. அப்பணியில் முன்னின்றவர்களுள் ஒருவர், பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்தில் பயின்ற சுரேன் சேகல். பூஞ்சையை ஒடுக்கும் அப்பொருள் நோயெதிர்ப்பையும் அடக்கியது. ஆனால் செல்லுக்குள் எதைப் பற்றி அடக்குகிறது என்பது விளங்கவில்லை.

1991இல் பேசல் நகரில் ஹைட்மன், மொவ்வா, ஹால் ஆகியோர் அதற்கு ஈஸ்ட்டை நாடினர். ராபமைசின் கலந்த தட்டில் செல்களைப் பரப்பி, வளர்ச்சி நின்றுபோன பெருங்கூட்டத்தை விட்டுவிட்டு, தப்பி வளர்ந்த சில திரள்களை மட்டும் ஆராய்ந்தனர். அவற்றின் மரபணு மாற்றங்களே டோர்1, டோர்2 என்ற இரு மரபணுக்களைக் காட்டிக்கொடுத்தன. (ஜெர்மன் மொழியில் 'டோர்' என்றால் வாயில், பேசல் நகரத்துப் பழைய கோட்டைவாயில் ஒன்றும் அப்பெயரில் ஒளிந்திருக்கிறது.)

இவ்வாய்வும் முற்றிலும் பயன்கருதாத ஆய்வன்று. மருந்து நிறுவனம் ஒன்றின் பங்கு அதில் இருந்தது. மருந்தின் இலக்கைத் தேடியே அது தொடங்கியது. ஆனால் கிடைத்தது தேடியதைவிடப் பெரிது. சத்து நிறைந்த ஊடகத்தில் இருந்தும், ராபமைசின் பட்ட ஈஸ்ட் பட்டினி கிடப்பதைப் போலவே நடந்துகொள்கிறது: ரைபோசோம் உற்பத்தியைக் குறைக்கிறது; தன் உள்ளுறுப்புகளையே செரித்து உண்ணத் தொடங்குகிறது. விருந்தின் நடுவே பட்டினி! மூலப்பொருள் இருந்தால் செல் தானாக வளரும் என்ற பழைய எண்ணம் இங்கே ஆட்டங்கண்டது. வளர்ச்சி என்பது உணவு இருப்பதன் விளைவு மட்டுமன்று. உணவு இருக்கிறது என்று செல் உணர்ந்து எடுக்கும் முடிவு. அதே புரதம் மனித செல்லிலும் உண்டு. 1999இல் சிறுநீரக மாற்றுச் சிகிச்சைக்கு ராபமைசின் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

இதைக் கொண்டு, ஈஸ்ட்டைக் குட்டி மனிதனாகக் காட்டி நிதி கேட்பதும் சரியன்று. அமினோ அமிலம் லூசினை மனித செல் உணரும் செஸ்ட்ரின்2 என்ற புரதம் ஈஸ்ட்டில் இல்லை. ஈ.கோலை பாக்டீரியத்தில் டோரே இல்லை. அங்கே அமினோ அமிலம் ஏறாத டி.ஆர்.என்.ஏ. ரைபோசோமில் வந்து அமர்வதே பஞ்சத்தின் அறிகுறி; அதை உணரும் ரெல்-ஏ நொதி ஒரு சிறு மூலக்கூறை உருவாக்கி ரைபோசோம் உற்பத்தியை நிறுத்துகிறது. ஒரே பசிக்கு இருவேறு அளவைகள். இவ்வேறுபாட்டை எந்த நோயின் பெயராலும் நியாயப்படுத்த வேண்டியதில்லை.

நோயின் பெயரைக் கேட்கும் தேர்வுக்குழு, "உங்கள் தட்டில் எதிர்பாராமல் பிழைக்கும் திரள்களை என்ன செய்வீர்கள்?" என்று கேட்டுப் பார்க்கலாம். மாணவர் பொய் சொல்லாமல் விடையளிக்கக்கூடிய கேள்வி அது.