பெப் எடுக்கிறதோ, டியோ எடுக்கிறதோ?



தீவகத்தில் பெண்கள் குழுக் கூட்டங்களுக்குப் போனால் முன்பெல்லாம் வீட்டுத்திட்டம், வாழ்வாதார உதவி, பிள்ளைகளின் படிப்பு என்றே கேள்விகள் வரும். அண்மைக்காலமாக இன்னொரு கேள்வியும் வருகிறது. "மிஸ், பெப் எடுக்கிறதோ, டியோ எடுக்கிறதோ?"

என்னிடம் இதை முதலில் கேட்டவர் வேலணையில் இருந்து யாழ்ப்பாண நகருக்குத் தினமும் வேலைக்குப் போய்வரும் ஒரு சகோதரி. கணவர் 2007 இல் காணாமற்போனவர். இரண்டு பிள்ளைகளையும் தனியாகவே வளர்த்தவர். சீட்டுக் கட்டிச் சேர்த்த காசு கையில் இருந்தது. அவர் கேட்டு முடிப்பதற்குள் பக்கத்தில் இருந்த வயதான அம்மா ஒருவர், "உனக்கேன் பிள்ளை இந்த வயதிலை உந்த விளையாட்டு? பஸ் ஓடுதுதானே" என்றார். சகோதரி தலையைக் குனிந்துகொண்டார்.

இம்மாதம் அந்தக் கேள்விக்கும், அந்த அம்மாவின் பேச்சுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

பஸ் ஓடுவது உண்மைதான். ஆனால் அது தன் நேரத்துக்கு ஓடுகிறது, எங்கள் நேரத்துக்கு அல்ல. பின்னேரம் ஒரு பஸ்ஸைத் தவறவிட்டால் அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும், அல்லது அன்றைய சம்பளத்தில் ஒரு பங்கை ஓட்டோவுக்குக் கொடுக்க வேண்டும். சமூகவியலில் நேர வறுமை என்று ஒரு சொல் உண்டு. உழைப்பு, சமையல், பிள்ளைகள், முதியவர்கள் என்று எல்லாவற்றையும் ஒரே ஆள் சுமக்கும் வீட்டில் காசுக்கு முன்னரே தட்டுப்படுவது நேரம்தான். ஒரு நாளில் மிச்சமாகும் ஒரு மணித்தியாலம் அந்த வீட்டுக்குப் பெரிய வருமானம் ஆகும்.

சுமை என்றால் சரி, சந்தோசம் என்றால் பிழையா?

எமது அம்மாமாரை நினைத்துப் பாருங்கள். 1990களில் பெற்றோல் தடைசெய்யப்பட்டு, மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் புகைகக்கி ஓடிய காலத்தில், அவர்கள் சைக்கிளில்தான் தண்ணீர், விறகு, பிள்ளைகள் எல்லாவற்றையும் கொண்டு திரிந்தார்கள். இடம்பெயர்ந்தபோது வீட்டையே சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார்கள். அப்போது யாரும் "உனக்கேன் இந்த விளையாட்டு" என்று கேட்கவில்லை. ஒரு பெண் வாகனத்தில் சுமை ஏற்றினால் குறை இல்லை, அதே பெண் சந்தோசத்துக்காகவும் ஓடினால்தான் குறை.

இது எங்களுடைய ஊருக்கு மட்டும் உரியதல்ல. 1990களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில், அறிவொளி இயக்கத்தின் ஒரு பகுதியாகக் கிராமத்துப் பெண்கள் பெருந்தொகையாகச் சைக்கிள் ஓடப் பழகினார்கள். மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதை முன்னின்று ஊக்குவித்தார். அங்கும் கேலி பேசியவர்கள் இருந்தார்கள். ஆனாலும் பெண்கள் சந்தைக்கும் வேலைக்கும் தாங்களாகவே போய்வரத் தொடங்கினார்கள். வெளிநாடுகளில் வசதியுள்ளவர்கள் வேலைக்குப் போய்வரவே இரண்டு கதவு வைத்த விளையாட்டுக் காரை ஆசைப்பட்டு வாங்குகிறார்கள். எங்களுடைய வருமானத்தில் அந்த ஆசையின் அளவு ஒரு ஸ்கூட்டி. ஆசைப்படுவது குற்றம் அல்ல. ஆனால் ஆசையோடு கணக்கும் வேண்டும்.

உடம்புக்கும் பாதைக்கும் ஏற்றது

பெப் 87.8 சிசி, எடை 95 கிலோ அளவில். டியோ 110 சிசி அளவில், எடை 100 கிலோவைச் சற்றுத் தாண்டும். டியோ சுறுக்காக இழுக்கும், ஆளை ஏற்றினாலும் சோராது, பார்வைக்கும் துடிப்பானது. பெப் மெல்லியது, உருட்டவும் திருப்பவும் இலகு. ஏறி இருந்து பாருங்கள். இரண்டு பாதமும் நிலத்தில் நன்றாகப் பதிய வேண்டும். நிறுத்தி வைத்ததைத் தனியே தள்ளி எடுத்துப் பாருங்கள். காயத்தின் நோவு இன்னும் கால் கையில் உள்ள சகோதரிகளுக்கு இந்தச் சோதனை மிக முக்கியம்.

அனுமதிப்பத்திரத்தையும் கவனியுங்கள். 100 சிசி வரைக்கும் ஏ1 வகுப்பு, அதற்கு மேல் ஏ வகுப்பு. ஏ1 மட்டும் வைத்துக்கொண்டு டியோ ஓடினால், விபத்து நடந்தபின் காப்புறுதியும் சிக்கலாகும்.

பண்ணைப் பாலத்தில் இரண்டு பக்கமும் கடல். சோளகம் அடிக்கும் மாதங்களிலும் மாரி வாடையிலும் பக்கக் காற்று மெல்லிய வாகனத்தைத் தள்ளும். நானும் அந்தப் பாதையில்தான் ஓடுகிறேன். அந்த இடத்தில் வேகத்தைக் குறைப்பதைவிட வேறு வித்தை இல்லை. இருட்டினால் கட்டாக்காலி மாடுகள் றோட்டில் படுத்திருக்கும். ஆகவே நிறத்தைப் பார்ப்பதற்கு முன்னர் முன் லைற்றையும் பிறேக்கையும் பாருங்கள். சேலைத் தலைப்பையும் சோலையும் செருகிக்கொண்டு ஏறுங்கள்.

நெடுந்தீவு, நயினாதீவுச் சகோதரிகள் பலர் வாகனத்தைக் குறிகட்டுவானில் விட்டுவிட்டுத்தான் படகு ஏறுகிறார்கள். நாள் முழுக்க வெயிலிலும் உப்பிலும் நிற்கும் வாகனத்துக்கு உறையும் நல்ல பூட்டும் வேண்டும். ஊர்காவற்றுறையில் இருந்து காரைநகருக்குப் போகிறவர்கள் பாதையில் ஏற்றி இறக்க வேண்டும். அவர்களுக்கு மெல்லியதே வசதி.

உப்பு என்ற எதிரி

தீவகத்தில் வாகனம் ஓடித் தேய்வதைவிட நின்று கறள் பிடிப்பது அதிகம். பாவித்த ஸ்கூட்டி வாங்கும்போது மேல் பெயின்ரைப் பார்த்து ஏமாற வேண்டாம். குனிந்து கால்தட்டின் அடிப்பக்கம், சைலன்சர், பிறேக் வயர், பற்றரி முனைகள் எல்லாவற்றையும் பாருங்கள். குளிர்ந்திருக்கும் எஞ்சினைக் காலால் உதைத்து ஸ்ராட் பண்ணிப் பாருங்கள். பற்றரி இறங்கிய நாளில் வீடு கொண்டுவந்து சேர்ப்பது அந்த உதைதான்.

கழுவுவதிலும் கவனம் வேண்டும். உவர்க் கிணற்றுத் தண்ணீரால் கழுவினால் உப்புக்கு மேல் உப்பு. குடிக்கவே பவுசரைப் பார்த்திருக்கும் ஊரில் நல்ல தண்ணீரை ஊற்றிக் கழுவச் சொல்லவும் முடியாது. அரை வாளி நல்ல தண்ணீரில் துணியை நனைத்து அடிப்பக்கத்தைத் துடைத்தால் போதும். மழைக்காலத்தில் மழைத்தண்ணீரைப் பிடித்து வையுங்கள்.

காசும் பெயரும்

போக வர ஒரு நாளைக்கு 40 கிலோமீற்றர் என்று வையுங்கள். லீற்றருக்கு 40 கிலோமீற்றர் ஓடினால் தினம் ஒரு லீற்றர், மாதம் 25 வேலை நாளுக்கு 25 லீற்றர். அதை அன்றைய பெற்றோல் விலையால் பெருக்கி, லீசிங் தவணை, காப்புறுதி, வருட வரிப்பத்திரம், ஒயில், ரயர் எல்லாவற்றையும் கூட்டுங்கள். வருகிற கூட்டுத்தொகையை உங்களுடைய பஸ், ஓட்டோச் செலவோடு ஒப்பிடுங்கள். வித்தியாசத்தைச் சம்பளம் தாங்காவிட்டால் இன்னும் சில மாதம் சீட்டுக் கட்டுவது நல்லது. 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதால் பாவித்த வாகனங்களும் விலை ஏறின. 2025 இல் இறக்குமதி மீண்டும் தொடங்கியது. ஆகவே ஒரு கடையில் சொன்ன விலையை முடிவாக எடுக்காதீர்கள்.

லீசிங் முடியும்வரை வாகனத்தின் முழு உரிமை நிதி நிறுவனத்துக்கே என்பதை மறக்க வேண்டாம். தவணை தவறினால் வாகனமும் போகும், கட்டிய காசும் போகும். நுண்கடனுக்கு இன்னொரு நுண்கடன் எடுத்து அல்லற்பட்டவர்கள் எங்களுக்குள்ளேயே இருக்கிறார்கள். விளங்காத பத்திரத்தில் கையெழுத்து வைக்காதீர்கள்.

அதைவிட முக்கியமானது பெயர். "தம்பியின்ரை பெயரிலை கிடக்கட்டும்" என்று விடாதீர்கள். நீங்கள் காசு கொடுத்தால் புத்தகம் உங்களுடைய பெயரில் இருக்க வேண்டும். பாவித்ததை வாங்கினால் 14 நாட்களுக்குள் பெயர் மாற்றத்தை அறிவியுங்கள். அதற்கு முன் எஞ்சின் இலக்கமும் செசி இலக்கமும் புத்தகத்தில் உள்ளதோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பழைய உரிமையாளரின் பெயரிலேயே ஓடிக்கொண்டிருந்தால், நாளைக்கு விற்கவும் முடியாது, களவு போனால் உரிமை கோரவும் கஷ்டம்.

வேலணைச் சகோதரி இரண்டிலும் ஏறி இருந்து பார்த்தார். உயரமானவர், மகளையும் ரியூசனுக்கு ஏற்ற வேண்டும். ஏ வகுப்புக்குப் பழகி அனுமதிப்பத்திரம் எடுத்தார். பிறகு கடன் படாமல், பாவித்த டியோ ஒன்றைத் தன் பெயரிலேயே வாங்கினார். நிறம் சிவப்பு. அதற்கும் ஊரில் கதை வந்தது. "கறுப்பு எடுத்திருந்தால் மட்டும் கதைக்காமல் விட்டிருப்பினமோ" என்று சிரித்தார்.

கடைசியாக ஒன்று. வீட்டில் நிற்கும் பழைய சைக்கிளை விற்காதீர்கள். 2022 எரிபொருள் நெருக்கடியில் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர்தான் கிடைத்தது. அந்த நாட்களில் எங்களைக் காப்பாற்றியது சைக்கிள்தான்.

உங்களுக்கு எது பொருந்தும் என்று உங்களுடைய கால்களும் கணக்குக் கொப்பியும் சொல்லட்டும். நிறத்தை மட்டும் உங்களுடைய மனம் சொல்லட்டும். தலைக்கவசத்தின் பட்டியைப் பூட்ட மறக்காதீர்கள், பின்னால் இருக்கும் பிள்ளைக்கும் சேர்த்து.