‘ஹலால்’ என்ற சொல்லும் கணக்குப் புத்தகமும்

2025 ஜனவரியில் சேலம் அம்மாபேட்டையின் திருமண மண்டபம் ஒன்றில் காவல்துறை 12 கோடி ரூபாய்க்கும் மேல் ரொக்கமாகக் கைப்பற்றியது. அன்னை தெரசாவின் பெயர் தாங்கிய அறக்கட்டளையொன்று, பணத்தைப் பெருக்கித் தருவதாகச் சொல்லி மக்களிடம் வாங்கியது என்பது வழக்கு. சோதனைக்குச் சென்ற காவலரே தாக்கப்பட்டனர். புனிதரின் பெயரே அங்கே ஈட்டுப் பத்திரமாயிற்று.

அந்தப் பெயரின் இடத்தில் ‘ஹலால்’ என்ற சொல்லை வைத்தால் ஹைதராபாத்தின் ஹீரா கோல்டும் பெங்களூரின் ஐ.எம்.ஏ.வும் கிடைக்கும். ஹீரா ஆண்டுக்கு 36 விழுக்காடு வரை தருவதாகச் சொன்னது. அதன் தலைவி 2018இல் கைதானார். ஐ.எம்.ஏ. உரிமையாளர் 2019 ஜூனில் துபாய்க்குப் பறந்து ஜூலையில் டெல்லியில் பிடிபட்டார். வட்டிக்கு அஞ்சி வங்கியைத் தவிர்த்த எளியோரின் சேமிப்பு அது.

மார்க்கம் ஏமாற்றியது என்போருக்கு நாம் சொல்வது இது: மார்க்கத்தின் விதியைக் கொண்டே இவற்றை இனம் கண்டிருக்கலாம். முளாரபா என்னும் வணிகக் கூட்டில் முதல் ஒருவருடையது, உழைப்பு மற்றவருடையது. இலாபத்தை முன்பேசிய விகிதத்தில் பகிர வேண்டும். நட்டமானால் முதலிட்டவர் பணம் போகும். முதலின் மேல் இத்தனை விழுக்காடு உறுதி என்று சொன்ன கணமே அது வட்டி. தொப்பியும் தாடியும் அதை வணிகமாக்கிவிடா. இதை மேடையில் சொல்லக் கடமைப்பட்டவர்களில் சிலர் அந்த நிறுவனங்களின் விழா மேடைகளில் அமர்ந்திருந்தார்கள்.

அரசுக்கும் இதில் பங்குண்டு. வட்டியில்லா வங்கிமுறை தேவை என ரகுராம் ராஜன் குழு 2008இலேயே பரிந்துரைத்தது. ரிசர்வ் வங்கி 2017இல் அதைக் கைவிட்டது. மலேசியாவிலோ ஹஜ் பயணிகளின் சேமிப்புக்கென 1960களிலேயே தாபுங் ஹாஜி அமைந்துவிட்டது. நேர்வழியை அடைத்தால் குறுக்குவழியில் கடை விரிப்பார்கள்.

இன்று திறந்திருக்கும் வாசல்களில் ஒன்று பங்குச்சந்தை. டாடா எத்திகல் ஃபண்ட், நிஃப்டி 50 ஷரீஆ குறியீட்டைப் பின்பற்றும் நிதி போன்றவை வட்டித் தொழிலையும் மதுவையும் விலக்குகின்றன. கடன் மிகுந்த நிறுவனங்களையும் ஒதுக்குகின்றன. அவை ஏறும், இறங்கும். எதில் முதலிட்டோம் என்பது மாதந்தோறும் வெளியாகிறது. நமக்கு அந்த வெளிப்படைதான் முக்கியம்.

அம்மாபேட்டை தறிகளின் ஊர். நூல் வாங்கினால் சிட்டத்தை எண்ணிப் பார்க்கும் ஊர். பணத்தைக் கொடுக்கும்போது மட்டும் எண்ணாமல் விடுவதற்கு இறைநம்பிக்கை என்று பெயர் சூட்டாதீர்கள். கணக்குக் கேட்பதும் வணக்கமே.