பயற்றுக்கு யூரியாவா?

துவரையை மொஸாம்பிக்கிலிருந்தும் உளுந்தைப் பர்மாவிலிருந்தும் கப்பலில் தருவித்து உண்ணும் நிலையில் நம் தேசம் இருப்பது வெட்கப்படத்தக்கது. இதை மாற்றக் கருதி மத்திய சர்க்கார் 2025 அக்டோபரில் 11,440 கோடி ரூபாயில் பருப்பு வகைகளுக்கெனத் தனித் திட்டமொன்றை ஆரம்பித்தனர். அதை நாம் வரவேற்கிறோம். ஆனால் டில்லியில் ஒதுக்கிய கோடிகள் வள்ளூரையடுத்த அரை ஏக்கர் வயலில் என்ன செய்யப்போகின்றன என்பதே நம் கேள்வி.

வள்ளூரில் 1,500 மெகாவாட் அனல் மின்நிலையம் எழுந்தபின் அவ்வட்டாரத்தில் உழவே இல்லையெனப் பட்டணத்தார் எண்ணுகின்றனர். அஃது உண்மையன்று. மீஞ்சூர், பொன்னேரிப் பக்கங்களில் சம்பா நெல்லுக்குப்பின், வயலில் எஞ்சிய ஈரத்தைக் கொண்டே பயறும் உளுந்தும் விளைவிக்கும் சிறு குடியானவர் இன்றும் உளர். நெல் தரிசுப் பயற்றுக்கு, அறுவடைக்குச் சில தினங்கள் முன்பே, நிற்கும் கதிரினூடே விதையைத் தூவுவது முறை. உழவு கிடையாது, ஆதலால் அடியுரம் இடவும் வழியில்லை.

பயறு தனக்கு வேண்டிய தழைச்சத்தை, வேர் முடிச்சுகளில் குடியிருக்கும் ரைசோபியம் என்னும் நுண்ணுயிரின் துணையால் ஆகாயத்திலிருந்தே பெறும். வெளியிலிருந்து அச்சத்தை மிகுதியாக இட்டால் முடிச்சுகள் சோம்பிவிடும்; செடி தழைக்குமேயன்றிக் காய் மிகாது. அதற்கு வேண்டியது மணிச்சத்து. விலைக் கொள்கையோ நேர்மாறாக இருக்கிறது. 2025-இல் 45 கிலோ யூரியா மூட்டை சுமார் 267 ரூபாய். 50 கிலோ டி.ஏ.பி. மூட்டை 1,350 ரூபாய். 2010-இல் சத்து அடிப்படை மானியம் வந்தபோது யூரியாவை அதற்குப் புறம்பாக வைத்ததன் பலன் இது. மலிவானதை வாங்கித் தூவும் குடியானவரை நாம் குறை கூறோம்.

கோயமுத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் கூறும் மார்க்கம் எளியது. ஆறிய கஞ்சியில் ரைசோபியத்தைக் குழைத்து விதையோடு கலந்து, நிழலில் உலர்த்தி விதைக்கவேண்டும். பூக்கும்போது ஒரு முறையும், பதினைந்து நாள் கழித்து மறுமுறையும் 2 சதவீத டி.ஏ.பி. கரைசலை இலைமேல் தெளிக்கவேண்டும். (டி.ஏ.பி.யிலும் தழைச்சத்து சிறிது உண்டு. அவ்வளவு தீங்கு செய்யாது.) ஏக்கருக்குத் தடவைக்கு 4 கிலோ. அரை ஏக்கருக்கு இரு தடவைக்கும் அதே 4 கிலோ போதும். விலை 108 ரூபாய். மூட்டையாகவே வாங்கு என்றால் அவர் 1,350 ரூபாய்க்கு எங்கே போவார்? சில்லறை விற்பனையைச் சட்டம் தடுக்கவுமில்லை. 1985-ஆம் வருஷத்து உரக் கட்டுப்பாட்டு உத்தரவு, வகைக்கு ஒரு மூட்டையைப் பிரித்துவைத்து விற்க வியாபாரிக்கு இடந்தருகிறது.

யூரியா விலை டில்லியில் தீரவேண்டிய வழக்கு. மூட்டையைப் பிரிக்க டில்லியின் உத்தரவு வேண்டுவதில்லை. விதைப்புக்குமுன் ரைசோபியப் பொட்டலங்களும், பூக்கும் தருணத்தில் பிரித்த டி.ஏ.பி. மூட்டையும் ஒவ்வொரு கூட்டுறவுச் சங்கத்திலும் இருக்குமாறு திருவள்ளூர் ஜில்லா அதிகாரிகள் ஏற்பாடு செய்யவேண்டும். மணலி உரத் தொழிற்சாலையில் நுண்ணுயிர் உரமும் தயாராகிறது. அங்கிருந்து பொன்னேரி இருபது மைல்கூட இல்லை. சம்பா அறுவடைக்கு முன்னரே இவ்வேற்பாடு முடிந்திருக்கவேண்டும்.