மெய்நிகர் விளையாட்டு எல்லார் வீட்டுக்கும் வருமா?

‘இதோ வந்துவிட்டது’ என்று தொழில்நுட்ப உலகம் பலமுறை முரசறைந்தும் இன்னும் முழுமையாக வந்து சேராத ஒன்று உண்டென்றால், அது மெய்நிகர் விளையாட்டுதான். 1995 இல் நிண்டெண்டோ நிறுவனம் ‘வெர்ச்சுவல் பாய்’ என்னும் கருவியை வெளியிட்டது. கறுப்புப் பின்னணியில் சிவப்பு நிறம் மட்டுமே தெரிந்த அக்கருவி ஓராண்டுக்குள் கைவிடப்பட்டது. 2014 இல் ஃபேஸ்புக், ஆக்குலஸ் நிறுவனத்தை ஏறத்தாழ 200 கோடி டாலருக்கு வாங்க முன்வந்தபோது முரசு மீண்டும் ஒலித்தது. 2016 இல் ரிஃப்ட், வைவ், பிளேஸ்டேஷன் விஆர் ஆகிய மூன்றும் ஒரே ஆண்டில் கடைக்கு வந்தன. 2021 இல் ஃபேஸ்புக் தன் பெயரையே மெட்டா என்று மாற்றிக்கொண்டது. மறு ஆண்டில் அந்நிறுவனத்தின் மெய்நிகர்ப் பிரிவு அடைந்த இழப்பு 1,300 கோடி டாலருக்கும் மேல்!

விலை குறைந்தால் மக்கள் வாங்குவார்கள் என்றார்கள். 2020 இல் குவெஸ்ட் 2 கருவி 299 டாலருக்கே கிடைத்தது. பலர் வாங்கவும் செய்தனர். வாங்கியவர்களுள் கணிசமானோர் சில மாதங்களில் அதை அலமாரியில் வைத்துவிட்டனர். நல்ல விளையாட்டுகள் இல்லை என்ற குறையும் நிற்கவில்லை. ‘பீட் சேபர்’, ‘ஹாஃப் லைஃப்: அலிக்ஸ்’ போன்றவை எல்லாராலும் பாராட்டப்பட்டவை. எனில், தடைதான் எது?

உடல் ஒரு காரணம். நாம் ஓடுவதாகக் கண் சொல்கிறது. நின்ற இடத்திலேயே நிற்பதாக உட்செவி சொல்கிறது. இவ்விரு சாட்சிகளும் முரண்படும்போது தலைசுற்றலும் குமட்டலும் வருகின்றன. அரைக்கிலோ எடையை முகத்தில் கட்டிக்கொண்டு, ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீள அகலமுள்ள காலியிடத்தில் கைவீசி விளையாட வேண்டும். கட்டிலும் அலமாரியும் போக நம் வீடுகளில் அவ்வளவு இடம் எங்கே இருக்கிறது என்பது வேறு கேள்வி.

ஆயினும், பெரிய காரணம் இதனினும் எளியது என்று நாம் கருதுகிறோம். 2006 இல் வெளிவந்த நிண்டெண்டோவின் ‘வீ’ பத்துக் கோடிக்கும் மேல் விற்றது. அதில் பாட்டி டென்னிஸ் ஆடினால் பேரப்பிள்ளைகள் பார்த்துச் சிரிக்கலாம். கைப்பேசி விளையாட்டையோ, பேருந்து நிறுத்தம் வந்ததும் சட்டைப்பைக்குள் போட்டுவிடலாம். மெய்நிகர் ஹெட்செட்டை அணிந்தவர் அறையில் இருந்துகொண்டே அறையை விட்டுப் போய்விடுகிறார். உம்மா அழைப்பதும், பக்கத்துப் பள்ளிவாசலின் பாங்கோசையும் அவருக்கு எங்கோ தொலைவில் நடப்பவை. கேமரா வழியே சுற்றுப்புறத்தைக் காட்டும் வசதி புதிய கருவிகளில் உண்டு. விளையாட்டின் விறுவிறுப்பில் அதை நாடுவோர் அரிது. வேலையும் சமையலும் விருந்தினரும் உள்ள ஒரு வீட்டில், வளர்ந்த மனிதர் எவரும் நாள்தோறும் இப்படிக் காணாமற்போக முடியாது. ஆகவே தொலைக்காட்சியைப் போல, கைப்பேசியைப் போல இது எல்லாருக்கும் உரியதாக ஆகும் என்று நாம் நம்பவில்லை.

காணாமற்போக நேரமும் விருப்பமும் உள்ளவர்கள் ஒரு சாரார்தாம்: சிறுவர்கள்.

நம் பெற்றோர் கவனிக்க வேண்டிய இடம் இதுவே. பெரியவர்கள் அலமாரியில் வைத்ததைப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள். கைகளால் தரையை உந்தித் தாவும் குரங்குகளாக மாறித் துரத்திப் பிடிக்கும் ‘கொரில்லா டேக்’ என்ற இலவச விளையாட்டை எடுத்துக்கொள்வோம். அதில் கேட்கும் குரல்களுள் பெரும்பாலானவை சிறுவர்களின் குரல்களே. ஆம், குரல்கள், முகம் தெரியாதவர்களோடு நேருக்கு நேர் பேசிக்கொண்டே ஆடும் ஆட்டம் அது. 2023 இல் மெட்டா தன் கருவிக்கான வயது வரம்பை 13 இலிருந்து 10 ஆகக் குறைத்து, அவ்வயதினரின் கணக்கைப் பெற்றோர் நிர்வகிக்க வேண்டும் என்று விதித்தது. சோனியோ, 12 வயதுக்குக் குறைந்தவர்கள் தன் கருவியைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. விற்பவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. ஆறு வயதுப் பிள்ளைக்கு ஆசையாக மாட்டிவிட்டுப் படமெடுக்கும் பெரியவர்கள் இதை அறிந்திருக்கிறார்களா என்பது நமக்கு ஐயமே.

இது கூடுமா, கூடாதா என்ற மார்க்கத் தீர்ப்பை ஆலிம்களிடம் விட்டுவிடுகிறோம். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினர் அன்போடு கொண்டுவந்த கருவியைப் பிடுங்கிப் பரண்மேல் போடுமாறும் நாம் சொல்லவில்லை. பிள்ளை உள்ளே காண்பதை அப்படியே கைப்பேசித் திரையிலோ தொலைக்காட்சியிலோ காட்டும் வசதி குவெஸ்ட் கருவிகளிலேயே இருக்கிறது. கூடத்தில் எல்லாரும் இருக்கும்போது அதை இயக்கிவிட்டு ஆடச் சொல்லலாம். முன்பின் தெரியாத குரல்களை முடக்கி வைக்கவும் வழியுண்டு. தலை சுற்றுகிறது என்று பிள்ளை சொன்னால், அன்றைய ஆட்டம் அத்தோடு போதும்.