அன்பாக எழுதிக் கொடுத்த வீடு: பெற்றோர் திரும்பக் கேட்டால் கிடைக்குமா?

‘வீட்டை என் பேருக்கு எழுதிக் கொடுத்துடுங்கப்பா, பின்னாடி பிரச்சினை வராது.’ நம் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. விற்பனைப் பத்திரத்தைவிடச் செலவு மிகக் குறைவு என்பதால், தமிழ்நாட்டில் குடும்பத்துக்குள் சொத்து கைமாற செட்டில்மென்ட் பத்திரம்தான் போடுகிறார்கள். பதிவு சுலபமாக முடிந்துவிடும். ஆனால், கவனித்துக்கொள்வதாகச் சொன்ன பிள்ளை கைவிட்டால், கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியுமா?

முடியும். பலர் நினைக்கும் வழியில் அல்ல.

பத்திர எழுத்தரிடம் போய் ஒரு ரத்துப் பத்திரம் எழுதி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிட்டால் போதும் என்றுதான் முதலில் தோன்றும். அது செல்லாது. எழுதிக் கொடுத்தவர் மட்டும் கையெழுத்திட்டு செட்டில்மென்ட்டை ரத்து செய்ய முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2022-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. பதிவாகி, பிள்ளை ஏற்றுக்கொண்டதும் சொத்து அவருடையது. அடுத்தவர் சொத்துக்கு நீங்கள் எப்படி ரத்து எழுதுவீர்கள்?

சொத்து மாற்றுச் சட்டத்தின் 126-வது பிரிவில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. ‘இன்னது நடந்தால் இந்தக் கொடை ரத்து’ என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டிருந்து, அது கொடுத்தவரின் இஷ்டத்தை மட்டும் பொறுத்ததாக இல்லை என்றால், ரத்தாகும். ‘எனக்குத் தோன்றினால் ரத்து செய்வேன்’ என்று எழுதினால் கொடையே செல்லாமல் போகும். (மனம் மாறலாம் என்று நினைப்பவர்களுக்கு உயில்தான் சரி. உயிரோடு இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.)

அப்போ, கைவிடப்பட்ட பெற்றோருக்கு என்ன வழி? 2007-ம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவு. அடிப்படைத் தேவைகளைக் கவனிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு, 60 வயது நிறைந்த ஒருவர் இந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தபிறகு சொத்தைக் கொடுத்து, வாங்கியவர் அதைச் செய்யவில்லை என்றால், அந்தப் பத்திரம் மோசடியாகவோ மிரட்டியோ வாங்கியதாகவே கருதப்படும். அதைச் செல்லாது என்று அறிவிக்கும் அதிகாரம் தீர்ப்பாயத்துக்கு உண்டு. நம் ஊரில் தீர்ப்பாயம் என்றால் வருவாய் கோட்டாட்சியர், அதாவது ஆர்.டி.ஓ. வருடக்கணக்கில் சிவில் கோர்ட்டுக்கு அலைய வேண்டியதில்லை.

இங்கே எல்லாமே ‘நிபந்தனையோடு’ என்ற அந்த ஒரு சொல்லில்தான் நிற்கிறது. உச்ச நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் புரியும்.

ஹரியாணாவைச் சேர்ந்த ஒரு தாய், எழுதிக் கொடுத்த விடுதலைப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்டார். 2022 டிசம்பரில் தோற்றார். பத்திரத்திலும் நிபந்தனை இல்லை, மனுவிலும் அப்படி ஒரு நிபந்தனை இருந்ததாகச் சொல்லவில்லை என்றது நீதிமன்றம். பெற்றோர் பாசத்தில் கொடுப்பது வழக்கம், அதற்குப் பின்னால் எப்போதும் நிபந்தனை இருப்பதாகக் கொள்ள முடியாது என்பது அதன் வாதம்.

மத்தியப் பிரதேசத்தின் சத்தர்பூரைச் சேர்ந்த இன்னொரு தாய் 2019-ல் மகனுக்குத் தானப் பத்திரம் எழுதினார். அதோடு, கடைசிவரை பார்த்துக்கொள்வேன், இல்லாவிட்டால் அம்மா திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று மகன் எழுதிய உறுதிமொழிக் கடிதம் ஒன்றும் இருந்தது. அது போலி என்று மகன் சொல்லிப் பார்த்தார். 2025 ஜனவரி 2 அன்று உச்ச நீதிமன்றம் தானத்தை ரத்து செய்து, வீட்டைத் தாயிடம் ஒப்படைக்க உத்தரவிட்டது.

ஒருவரிடம் அந்தத் தாள் இருந்தது, இன்னொருவரிடம் இல்லை.

சென்னை உயர் நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. நாகப்பட்டினத்தைச் சேர்ந்த 87 வயது மூதாட்டி மகனுக்கு எழுதிக் கொடுத்த சொத்து அது. மகன் இறந்தபிறகு மருமகள் கவனிக்கவில்லை என்பது புகார். பத்திரத்தில் நிபந்தனை வெளிப்படையாக இல்லாவிட்டாலும் ‘அன்பினாலும் பாசத்தினாலும்’ கொடுப்பதே உள்ளார்ந்த நிபந்தனைதான் என்று இரு நீதிபதிகள் அமர்வு 2025 மார்ச்சில் சொல்லி, ஆர்.டி.ஓ.வின் ரத்து உத்தரவை உறுதி செய்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் இதை மட்டும் நம்பிப் பத்திரம் போடக்கூடாது என்பதே என் கருத்து. எதிர்த்தரப்பு 2022 உச்ச நீதிமன்றத் தீர்ப்பைத் தூக்கிக்கொண்டு வரும்.

ஆக, ரத்துக்கான வேலை பத்திரம் எழுதும் அன்றே தொடங்கிவிடுகிறது. உணவு, தங்குமிடம், மருத்துவம் ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும், தவறினால் ரத்தாகும் என்று பத்திரத்திலேயே எழுதுங்கள். கடைசிவரை அந்த வீட்டில் வசிக்கும் ஆயுள்கால உரிமையையும் சேருங்கள். ‘எக்காரணம் கொண்டும் ரத்து செய்ய மாட்டேன்’ என்ற வரி பல பத்திரங்களில் வழக்கமாகவே வந்து உட்காரும். கையெழுத்துக்கு முன்னால் முழுசாகப் படித்து, அதை நீக்கச் சொல்லுங்கள். சொத்தை வாங்கும் பிள்ளை நீங்கள் என்றால், இதையெல்லாம் நீங்களே முன்வந்து எழுதச் சொல்வது இன்னும் நல்லது.

விஷயம் ஆர்.டி.ஓ.விடம் போய்விட்டதா? மனுவில் மனக்கஷ்டத்தை மட்டும் கொட்டினால் போதாது. என்ன வாக்குறுதியின் பேரில் கொடுத்தேன், அது எப்போது, எப்படி மீறப்பட்டது என்று எழுத வேண்டும். வயதுச் சான்று, பத்திர நகல், வில்லங்கச் சான்று, தானே கட்டிய மருத்துவ பில்கள், வங்கிக் கணக்கு விவரம் கூடவே போகட்டும்.

செட்டில்மென்ட்டுக்குப் பதில் குடும்ப டிரஸ்ட் அமைப்பவர்களுக்கும் இதே கதைதான். அமெரிக்காவில் ‘லிவிங் டிரஸ்ட்’ பெரும்பாலும் ரத்து செய்யக்கூடியதாகவே எழுதப்படுகிறது. இங்கே 1882-ம் ஆண்டு டிரஸ்ட் சட்டத்தின் 78-வது பிரிவுப்படி, ரத்து அதிகாரத்தைப் பத்திரத்தில் வெளிப்படையாகத் தக்கவைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பொதுவாகப் பயனாளிகள் அனைவரின் சம்மதமும் தேவை. அப்படி அதிகாரத்தை வைத்துக்கொண்டால், டிரஸ்ட்டின் வருமானத்துக்கான வரி உங்கள் தலையில்தான் விழும்.

ஆர்.டி.ஓ. உத்தரவு கைக்கு வந்ததும் சார்பதிவாளர் அலுவலகத்தில் கொடுத்து, வில்லங்கத்தில் பதிவு ஏறியதா என்று பாருங்கள். பட்டாவையும் மாற்றுங்கள். பழைய பெயரிலேயே விட்டுவைத்தால், அதைக் காட்டி யாராவது விற்கவோ கடன் வாங்கவோ பார்க்கலாம்.